தோட்டத்தில் நாய்க்கு ஒரே ஒரு மூலை: விற்கிற சாமான்களில் எது காசுக்குத் தகும்?

நாயைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் ஒன்றுக்குப் போகப் பழக்குவதற்கென்று விற்கும் சாமான்கள் ஏகப்பட்டவை வந்துவிட்டன. சொட்டு மருந்து, ஸ்ப்ரே, மண்ணில் குத்தும் மஞ்சள் குச்சி, செயற்கைப் புல் தட்டு, உறிஞ்சும் பேட், என்சைம் கிளீனர், மடக்கு வேலி, யு.வி. டார்ச். வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பெட் ஷாப்களில் சிலது கிடைக்கும், மீதி ஆன்லைனில் வந்துவிடும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆறடி லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்), என்சைம் கிளீனர், பன்னிரண்டு பதிமூன்று மூட்டை மணலும் ஜல்லியும்: காசு போடவேண்டியது இவற்றுக்குத்தான். டார்ச் இருந்தால் நல்லது. மற்றவை சில வீடுகளுக்கு மட்டும் உதவும்.

காரணம் எளிது. நாய் இடத்தைத் தேர்ந்தெடுப்பது இரண்டை வைத்து: மூக்குக்கு எட்டும் பழைய வாசனை, பாதத்துக்குக் கீழே இருக்கும் தரை. இதில் தரையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. குட்டிக்கு எட்டு ஒன்பது வாரம் ஆகும்போதே எந்தத் தரையில் போவது என்ற பழக்கம் ஊன்ற ஆரம்பித்துவிடுகிறது. கூண்டில் செய்தித்தாள் மேல் வளர்ந்த குட்டி வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கிடக்கும் பேப்பரைத் தேடும். சிமெண்ட் தரையில் வளர்ந்தது போர்ட்டிகோவைத் தேடும். தோட்டத்து மூலையில் அதற்கென்று தனித் தரை ஒன்றைப் போட்டுக் கொடுத்து, அங்கே அதன் சொந்த வாசனையையும் வைத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி நீங்கள் லீஷைப் பிடித்துக்கொண்டு கூடவே போவது.

சொட்டு மருந்தும் ஸ்ப்ரேயும்

பாட்டிலில் அடைத்து வருவது நாயை அந்த இடத்துக்கு இழுக்கும் வாசனை என்று விற்கிறார்கள். சில சொட்டு விட்டால் நாய் தானாகவே அங்கே போய் உட்காரும் என்பது பெட்டி மேல் இருக்கும் வாக்குறுதி. நடப்பது வேறு. பெரும்பாலான நாய்கள் வந்து மோந்து பார்க்கும், சில நக்கிப் பார்க்கும், அப்புறம் வழக்கமான இடத்துக்கே போய்விடும். மோப்பம் பிடிக்க வைப்பது மட்டும்தான் ஸ்ப்ரே செய்யும் வேலை. அந்த நொடியில் நாய் லீஷில், உங்கள் பக்கத்தில் இருந்தால் அது உதவும். கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால் உதவாது. இன்னொரு சங்கடம், நம் ஊர் வெயில். திறந்த தரையில் அடித்த ஸ்ப்ரே மார்ச் தாண்டினால் வெகு சீக்கிரம் காய்ந்து பறந்துவிடும்.

இதே வேலையைக் காசில்லாமல் செய்யலாம். வீட்டுக்குள் நாய் ஒன்றுக்குப் போன இடத்தைப் பழைய துணியாலோ செய்தித்தாளாலோ ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தோட்டத்து மூலையில் மணலுக்குள் ஒரு அங்குலம் புதைத்து வையுங்கள். முதல் வாரம் மலத்தில் ஒரு சின்னத் துண்டையும் அங்கேயே விடலாம், மற்றதை உடனே எடுத்துவிட வேண்டும். கடைப் பாட்டிலில் இருக்கும் எந்த வாசனையையும் விட நாய்க்குத் தன்னுடையதுதான் நம்பிக்கையான அடையாளம். ஸ்ப்ரே வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

மஞ்சள் குச்சியும் அதே ரகம்தான். காலைத் தூக்கும் ஆண் நாய்க்கு நிமிர்ந்து நிற்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பது உண்மை. அதற்கு மரக்கடையில் மூன்றடிச் சவுக்குக் கட்டை ஒன்று போதும். ஒரு அடி மண்ணுக்குள், இரண்டடி வெளியே. பிளாஸ்டிக் குச்சி வழவழப்பானது, வாசனை தங்காது, குட்டி கடித்துப் பிய்க்கும். சவுக்கின் சொரசொரப்பான பட்டையில் மூத்திரம் ஊறி நிற்கும். சும்மா நட்டுவைத்தால் நாய் திரும்பிப் பார்க்காது, ஈரத் துணியால் அடியிலிருந்து ஓரடி உயரம் வரை தடவிவிட வேண்டும். ஆண் குட்டி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காலைத் தூக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்பே கட்டையை நட்டுவிட்டால் மல்லிகைப் பந்தல் காலும் பைக் டயரும் தப்பிக்கும்.

தரை: இதில்தான் காசு போட வேண்டும்

அளவு முதலில். நாய் போவதற்கு முன் சுற்றிச் சுற்றி வரும். அதன் உடம்பு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இடம் இல்லாவிட்டால் பாதி உடம்பு வெளியே தள்ளி, ஓரத்தில் போய்விடும். பொமரேனியன், ஷிட்சு மாதிரிச் சின்ன நாய்க்கு மூன்றுக்கு மூன்று அடி. நாட்டு நாய்க்கும் லேப்ரடாருக்கும் நாலுக்கு ஆறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நீளமான நாய்க்கு ஆறுக்கு ஆறு இருந்தால் நிம்மதி.

எங்கே வைப்பது என்பதைப் பார்த்துச் செய்யுங்கள். வாசலில் கோலம் போடும் பக்கம் வேண்டாம், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சம்ப், கிணறு, போர்வெல் மூன்றிலிருந்தும் முடிந்த அளவு தள்ளி, தண்ணீர் அவற்றை நோக்கி ஓடாத தாழ்ந்த பக்கமாக இருக்கட்டும். தெருக் கேட்டை ஒட்டி வைத்தால் தெரு நாய்கள் வெளியிலிருந்து அடையாளம் வைக்கும், உங்கள் நாய் கடமையை மறந்து அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். மேற்குச் சுவரை ஒட்டிய வெட்டவெளி கோடையில் உபயோகமே இல்லை. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், சிமெண்ட் தரையும் கடப்பா கல்லும் அதைவிட அதிகமாகக் காயும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சுட்ட பாதத்தோடு ஒரு முறை ஓடிவந்த நாய் அந்த மூலைக்கு மறுபடி வர மறுக்கும், நீங்கள் பழக்கியதெல்லாம் வீணாகும். வேப்பமரத்து நிழல், வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கச் சந்து, இல்லையென்றால் மேலே 75 சதவீத ஷேட் நெட்.

தோண்டுவது எட்டு அங்குலம். சத்துவாச்சாரி மலையடிவாரப் பக்கம் சில மனைகளில் அரை அடிக்கே பாறை தட்டும். அங்கே கடப்பாரையோடு மல்லுக்கட்ட வேண்டாம், தரைக்கு மேலே இரண்டு வரிசைச் செங்கல் வைத்துத் தொட்டி மாதிரி கட்டிவிடலாம், ஒரு பக்கம் தண்ணீர் வடிய இடைவெளி விட்டால் போதும். முழு முற்றமும் சிமெண்டோ பேவர் பிளாக்கோ போட்ட வீட்டுக்கும் இதே வழிதான். பாலாற்றை ஒட்டிய விருதம்பட்டுப் பக்கம் மணல் கலந்த மண்ணாக இருந்தால் நீர் தானாகவே இறங்கும், அங்கே கீழ் அடுக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கீழே நாலு அங்குலம் 20 மில்லி ஜல்லி, அதாவது முக்கால் ஜல்லி. உடைந்த செங்கல் துண்டும் ஆகும். அதன் மேல் பழைய ஷேட் நெட் துண்டு ஒன்றை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் மணல் ஒரே மழையில் ஜல்லிக்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் நாலு அங்குலம் மணல். நாலுக்கு ஆறு அடிக்குக் கணக்குப் போட்டால் ஜல்லி எட்டு கன அடி, மணல் எட்டு கன அடி. ஒரு சிமெண்ட் சாக்கில் சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், ஆகவே இரண்டும் சேர்த்துப் பதிமூன்று சாக்கு. யூனிட் (நூறு கன அடி) கணக்கில் கேட்டால் கால் யூனிட் கூட வராது, அதற்கு லாரி வராது. கட்டுமானச் சாமான் விற்கும் கடையில் சாக்குக் கணக்கில் கேளுங்கள், லோடு ஆட்டோவில் போட்டு அனுப்புவார்கள்.

எந்த மணல்? எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல், போதும், ஆனால் கழுவியதாக இருக்க வேண்டும். கையில் அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடர் நிறைய ஒட்டினால் அதில் கிரஷர் தூள் அதிகம். தூள் கலந்தது நாலு முறை நனைந்தால் இறுகிப் பலகையாகிவிடும், மூத்திரம் கீழே இறங்காமல் மேலேயே தேங்கும், மூன்றாம் நாளிலேயே நெடி அடிக்கும். பூச்சுக்கு விற்கும் பி-சாண்ட் இன்னும் நைசு, அதைத் தவிருங்கள். பாலாற்றில் போய் நாமே அள்ளிவரலாம் என்று யோசிக்கவும் வேண்டாம், அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

மேலே ஜல்லி போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். நம் ஊர்க் குவாரி ஜல்லி கருங்கல்லை உடைத்தது, முனை கூராக இருக்கும். 12 மில்லி ஜல்லியில் குட்டி நிற்கவே கூசும். ஆறு மில்லி சிப்ஸ் பரவாயில்லை, ஆனால் விரல் இடுக்கில் மாட்டும். தோட்டக் கடையில் விற்கும் உருண்டைக் கூழாங்கல் பாதத்துக்கு நல்லது, விலை கூடுதல். எதுவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி இருக்கும் வீட்டில் கல் வேண்டாம். குட்டி வாயில் போடும், விழுங்கினால் குடலை அடைக்கும், அறுவை சிகிச்சை வரை போகும். வளர்ந்த நாய் மணலைத் தோண்டி விளையாட ஆரம்பித்தால் மட்டும் மேலே ஒரு அங்குலம் கூழாங்கல் பரப்பலாம்.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டியையும் சிலர் சொல்வார்கள். ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் அறுபது எழுபது லிட்டருக்கு உப்பும், நன்றாக உறிஞ்சும், பாதத்துக்கு மெத்தென்றிருக்கும். கூரை உள்ள இடத்தில் மணலுக்குப் பதில் இதைப் போடலாம். திறந்த இடத்தில் வேண்டாம். கோடையில் காய்ந்து காற்றில் பறக்கும், மழையில் மிதந்து வாசல் வரை போகும்.

மழைக்காக மேலே தகரம் போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தகரத்தில் மழை விழும் சத்தம் பல நாய்களை வெருட்டிவிடும், அப்புறம் வெயில் காலத்திலும் அந்தக் கூரைக்குக் கீழே வராது. தென்னங்கீற்று சத்தம் போடாது, நிழலும் குளிர்ச்சி. வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

லீஷ்: விலை குறைந்த சாமான், வேலை அதிகம்

பருத்தியோ நைலானோ ஆறடி லீஷ். தானாகச் சுருளும் லீஷ் இந்த வேலைக்கு ஆகாது, நாய் தோட்டம் முழுக்கச் சுற்றும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு கால் மணியிலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன். இந்த நேரங்களில் லீஷ் மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே வழியாக, நேராக அந்த மூலைக்குக் கூட்டிப் போக வேண்டும். குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம். மூன்று மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் நாலு மணி, அதுவும் தூங்கும்போது. விழித்து ஓடியாடும் குட்டியை ஒரு மணிக்கொரு முறை கூட்டிப் போவதே பத்திரம்.

மூலைக்குள் போனதும் அசையாமல் நில்லுங்கள். பேச வேண்டாம், போனைப் பார்க்க வேண்டாம், நாயைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம். போகவில்லையா, உள்ளே கூட்டிவந்து உங்கள் பக்கத்திலேயே கட்டிவைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி. மணலை மோந்து சுற்ற ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு சொல், எப்போதும் அதே சொல்: "ஒன்னுக்குப் போ." வீட்டில் தாத்தா ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்று ஆளுக்கொரு சொல் சொன்னால் நாய்க்குப் பிடிபடாது. கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

போய் முடித்த உடனே, இரண்டு நொடிக்குள், அங்கேயே வாயில் ஒரு துண்டு. உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டால் போதும், கடையில் விற்கும் ட்ரீட் பாக்கெட் தேவையில்லை. வீட்டுக்குள் வந்து பிரிட்ஜைத் திறந்து கொடுத்தால், உள்ளே ஓடிவந்ததற்குத்தான் கூலி என்று நாய் எடுத்துக்கொள்ளும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கலந்த எதுவும் கூடாது.

இங்கே கெட்டுப்போவது இரண்டு இடத்தில். முதலாவது, அவசரப்பட்டுக் கொடுப்பது. நாய் பாதியில் நிறுத்திவிட்டு ஈரலுக்கு ஓடிவரும், மீதியை ஹாலில் முடிக்கும். உட்கார்ந்தது நிமிர்ந்த பிறகுதான் பாராட்டே வாயிலிருந்து வரவேண்டும். இரண்டாவது, போன மறு நொடியே உள்ளே இழுத்துவருவது. தோட்டத்தில் இருக்க விரும்பும் நாய்க்கு, போனால் ஆட்டம் முடிந்தது என்று புரிந்துவிடும், புரிந்ததும் அடக்கிவைக்கத் தொடங்கும். போன பிறகு லீஷைக் கழற்றி ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள். போகாதவரை விளையாட்டு இல்லை.

வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும். குட்டிக்கு மூத்திரப்பை வளரவேண்டும், நாலைந்து மாத வயது வரை அங்கங்கே தவறத்தான் செய்யும். தவறாமல் ஒரு வாரம் போனால் பதினைந்தடிக் கயிற்றுக்கு மாறலாம், அதிலும் நேராக மூலைக்கே போனால் கயிற்றைத் தரையில் இழுத்தபடி போகவிடலாம், அப்புறம் கழற்றலாம். ஒரு படியில் தவறினால் முந்தின படிக்குத் திரும்ப வேண்டும்.

தவறின நாயின் மூக்கை மூத்திரத்தில் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அடிப்பதும் உண்டு. நாய் அதிலிருந்து கற்பது ஒன்றுதான்: இவர் முன்னால் போகக்கூடாது. அப்புறம் நீங்கள் லீஷைப் பிடித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு நேரமானாலும் போகாது, நீங்கள் திரும்பியதும் கட்டிலுக்குப் பின்னால் போய்ப் போகும். இதைச் செய்யவே செய்யாதீர்கள். போய்க்கொண்டிருக்கும்போது பார்த்துவிட்டால் மெல்லக் கை தட்டி நிறுத்தி, தூக்கியோ நடத்தியோ மூலைக்குக் கொண்டுபோங்கள். முடிந்த பிறகு பார்த்தால் துடைக்க மட்டும் செய்யுங்கள்.

துடைப்பது எதனால்?

என்சைம் கிளீனர் வாங்குங்கள். மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. தரை காய்ந்து நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாதபோதும் நாய்க்குத் தெரியும், அதே இடத்துக்குத் திரும்பும். என்சைமோ அதைச் சுரக்கும் பாக்டீரியாவோ அந்த மிச்சத்தைச் சிதைக்கிறது. வாங்கும்போது லேபிளில் 'என்சைம்' அல்லது 'பாக்டீரியா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'பெட் ஓடர் ரிமூவர்' என்று மட்டும் போட்டு, உள்ளே சென்ட் கலந்த தண்ணீரை அடைத்து விற்பதும் இருக்கிறது.

பலருக்கும் இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் நேரம். இது ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும், பழைய கறைக்கு இன்னும் அதிகம். நம் ஊர்க் கோடையில் ஃபேனுக்குக் கீழே தரை அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஆகவே மூத்திரத்தை ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்து, கிளீனரைத் தாராளமாக ஊற்றி, மேலே ஈரத் துணியைப் போட்டு மூடிவையுங்கள். டைல்ஸ் இணைப்பிலும் பாலிஷ் போடாத சிமெண்ட் தரையிலும் உள்ளே இறங்கியிருக்கும், அங்கே இரண்டு முறை செய்ய வேண்டும். அதே இடத்தில் முன்பே பினாயிலோ டெட்டாலோ ஊற்றியிருந்தால் என்சைம் செத்துப்போகும், நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

பினாயில் பற்றி இன்னொன்று. அதில் உள்ள பீனால் வகை ரசாயனம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து. அமோனியா கலந்த கிளீனர் மூத்திர வாசனையைத்தான் நாய்க்கு நினைவூட்டும். வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைப்பது நெடியைக் குறைக்கும், ஆனால் கடப்பா, மார்பிள் தரையை அரித்து வெளுக்க வைக்கும். மூலையில் சுண்ணாம்பு தூவுவதும் பழைய வழக்கம்தான். பாதத்தைப் புண்ணாக்கும், வேண்டாம்.

யு.வி. டார்ச் சில நூறு ரூபாய்தான், ஒரு முறை வாங்கினால் போதும். இரவில் விளக்கணைத்து அடித்துப் பார்த்தால் காய்ந்த மூத்திரம் மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோபா கால், கட்டில் ஓரம், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று நீங்கள் எதிர்பாராத இடமெல்லாம் மின்னும். "எல்லாம் துடைத்துவிட்டோம், ஆனாலும் உள்ளேயே போகிறது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கிறது.

பேட், புல் தட்டு, மடக்கு வேலி, பயிற்சியாளர்

தோட்டம் உள்ள வீட்டுக்குப் பேட் வாங்காதீர்கள். துணி மாதிரி மெத்தென்ற தரையில் போகப் பழகிய நாய்க்கு மிதியடி, பாய், தரையில் விரித்த மெத்தை எல்லாமே பேட்தான். அப்புறம் மணலுக்கு மாற்றுவது இன்னொரு பழக்கல். நடக்க முடியாத வயதான நாய், மாடி வீடு, இந்த இரண்டுக்கும் சரி. தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பேட்தான் வழி என்பார்கள். வெளி நாய் நுழையாத சொந்தக் காம்பவுண்டுக்குள் மணல் மூலையே போதும். அந்தத் தோட்டத்தில் முன்பு ஒரு நாய்க்குப் பார்வோ என்னும் வைரஸ் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் குட்டியை இறக்க வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம் வரை கூட இருக்கும்.

செயற்கைப் புல் தட்டு மொட்டை மாடிக்கு ஏற்றது என்று நினைப்பது பிழை. வெயிலில் அது நிஜப் புல்லைவிட வெகுவாகச் சூடாகும். நிழல் உள்ள பால்கனிக்கு மட்டும். அடியில் வடிகால் தட்டும் தனித்தனியாகக் கழற்றும் வசதியும் இருக்க வேண்டும், தினமும் அலசாவிட்டால் மூன்றாம் நாள் பக்கத்தில் நிற்க முடியாது. கடிக்கிற வயதுக் குட்டி பிளாஸ்டிக் இழையைப் பிய்த்து விழுங்கும்.

மடக்கு வேலி, மூலையைச் சுற்றி மூன்று பக்கம் நிறுத்தி வைக்கப் பயன்படும், எல்லை எது என்று நாய்க்குச் சீக்கிரம் புரியும். ஆனால் செங்கல் வரிசை ஒன்றும் அதே எல்லையைக் காட்டும். ஏற்கனவே வீட்டில் இருந்தால் உபயோகியுங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம்.

நாயைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்துப் பழக்கித் தருகிறோம் என்கிற சேவை, உட்கார், நில் பழக்கத்துக்கு உதவலாம். இந்த விஷயத்துக்கு உதவாது. அங்கே இருக்கும் தரை வேறு, வாசனை வேறு, நேரம் வேறு. வீட்டுக்கு வந்ததும் உங்கள் தோட்டத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்கே வருகிறவரை அழைத்தால், லீஷை யார் கையில் கொடுப்பார் என்று கேளுங்கள். உங்கள் கையில் கொடுத்துத் தவறைத் திருத்துகிறவர் நல்லவர். அடி, கழுத்தை இறுக்கும் சோக் செயின் என்று ஆரம்பிப்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

புல் கருகாமலிருக்க நாயின் தண்ணீரில் போடும் கல், மாத்திரை என்றும் விற்கிறார்கள். புல் கருகுவது மூத்திரத்தில் இருக்கும் அதிக நைட்ரஜனால், புளிப்பால் இல்லை. மூத்திரத்தின் அமிலத் தன்மையை மாற்றும் மாத்திரை கல்லடைப்பைத் தூண்டக்கூடும். மணல் மூலை வந்துவிட்டால் புல்லுக்குப் பிரச்சினையே இல்லை.

பராமரிப்பு

மலத்தைத் தினமும் எடுக்க வேண்டும். முறமும் பழைய மணல் சல்லடையும் போதும், ஸ்கூப்பர் தேவையில்லை. எடுக்காமல் விட்டால் நாய் அந்த மூலையை வெறுத்துப் பக்கத்தில் போக ஆரம்பிக்கும், சில குட்டிகள் தின்னவும் செய்யும். உருளைப்புழு முட்டை மலத்தில் வெளிவந்து இரண்டு முதல் நாலு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும், அதற்குப் பிறகு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு அது நல்லதில்லை. கீரைப் பாத்திக்கோ வீட்டு உரக்குழிக்கோ போடக்கூடாது. வீட்டு உரக்குழியில் அந்த முட்டை சாகும் அளவுக்குச் சூடு வராது. கழிப்பறையில் கொட்டலாம், அல்லது கிணற்றுக்கு எட்டத் தள்ளி ஒரு அடிக்குக் கீழே புதைக்கலாம்.

மூத்திரத்துக்கு மாலையில் ஒரு பக்கெட் தண்ணீர். நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் நம் ஊரில் ஆர்.ஓ. இல்லாத வீடு குறைவு, அதிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து ஊற்றினால் சரியாக இருக்கும். மேல் இரண்டு அங்குல மணலை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய ஈரம் எலிக்காய்ச்சல் கிருமிக்கு வசதி. நாய் மூத்திரம் வழியாக மனிதர்களுக்கும் அது தொற்றும். வருடாந்திரத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வெறுங்காலோடு அந்த மூலைக்குள் போகாதீர்கள். இரவில் டார்ச் இல்லாமலும் போகாதீர்கள், ஜல்லி அடுக்கில் தேள் ஒளியும்.

சாப்பாட்டு நேரம் தாறுமாறானால் மூலையும் தாறுமாறாகும். காலை, மாலை ஒரே நேரத்தில் வைத்து, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிச்ச பிரியாணி வயிற்றைக் கலக்கிவிட்டால், பழகிய நாயும் வாசல் வரை தாங்காது. தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குறைக்கக் கூடாது, அதுவும் அக்னி நட்சத்திரத்தில். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தம் ஆரம்பிக்கும் முன்பே மாலைச் சுற்றை முடித்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் பழகிய நாயையும் லீஷில்தான் கூட்டிப் போக வேண்டும்.

ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் அங்கங்கே தெளித்து அடையாளம் வைப்பது பல நாய்களில் குறையும், எல்லாவற்றிலும் நிற்காது. மாதக்கணக்கில் சரியாகப் போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தால் சாமான் எதையும் வாங்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மூத்திரப்பாதைத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகம் எதுவாகவும் இருக்கலாம். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் சொட்டவிடுவது பழக்கக் குறையில்லை, அதற்கு மருந்து உண்டு. ஆண் நாய் முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசரம், அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தெரிந்த மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். மற்றபடி மூத்திரப் பரிசோதனை கேட்டால், சொன்ன சொல்லுக்கு ஒரே மூலையில் போகும் நாயிடம் மாதிரி பிடிப்பது சுலபம்: காலை முதல் முறை போகும்போது, பாதி போனபிறகு நீளக் காம்புக் கரண்டியை அடியில் நீட்டிப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.